டோக்கன் வரிசைப்படி கடல்

அன்புத் தங்கைக்கு,

உன் அண்ணன் எழுதுவது. இடது கீழ்க் கடைவாய் நீங்கலாக நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் எல்லாப் பாகங்களிலும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நீ கேட்டதற்கு முதலில் பதில். உன் அண்ணி போனதிலிருந்து, "வீட்டைக் காலி பண்ணிட்டு எங்ககூட வந்து இருண்ணா, தனியா இருந்தா பேச்சே மறந்துடும்" என்று நீ மாதம் ஒரு முறை சொல்வதும் நான் மழுப்புவதுமாக இரண்டு வருடம் ஓடிவிட்டது. இனி மழுப்பவில்லை, வருகிறேன். முப்பதாம் தேதி மாப்பிள்ளையை வண்டியோடு அனுப்பு. புது மனிதர்களோடு பழகினால் ஒருவன் என்ன கதிக்கு ஆளாவான் என்பது சென்ற சனி, ஞாயிறில் எனக்குத் தெளிவாகிவிட்டது.

வெள்ளி மாலை பல்வலியோடு கிளினிக்குக்குப் போனேன். நான்காம் டோக்கன் கிடைத்தது. எனக்கு முன்னால் மூன்று பேர் கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். முதல் டோக்கன் ஒரு தையல்கார அம்மாள், இரண்டாவது பள்ளி வேன் ஓட்டுபவர், மூன்றாவது வயலின் வாத்தியார். வாத்தியாருக்கு வாத்தியத்தைத் தாங்கும் பக்கமே வலி. ஏழு மணிக்கு உதவிப் பெண் வந்து, டாக்டர் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய்விட்டார், திங்கட்கிழமைதான் வருவார் என்று சொல்லி டோக்கன்களைத் திருப்பிக் கேட்டாள். ஒருவரும் கொடுக்கவில்லை. வேன்காரர் சொன்னார்: "திங்கக்கிழமை வரைக்கும் இந்தப் பல்லு நம்மளை விட்டு வைக்காது. அவரு இங்க வரலைன்னா நாம அங்க போயிடுவோம்." இது பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுப் பட்டதும் வலி உச்சந்தலைக்கு ஏறியது, மூடிக்கொண்டேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். முப்பத்து நான்கு வருடம் முன்பதிவுக் கவுண்டரில் வரிசையைக் காத்தவன் நான். எனவே டோக்கன் வரிசைப்படிதான் உட்கார வேண்டும் என்றேன். அப்படியானால் வண்டியை முதல் டோக்கன் அல்லவா ஓட்ட வேண்டும் என்று வாத்தியார் கேட்டார். நியாயமான கேள்வி, அரை மணி நேரம் பிடித்தது. கடைசியில் அந்த அம்மாள், "ஸ்டியரிங் வரிசையில சேராதுங்க, ஏறுங்க" என்று தீர்த்து வைத்தார். எனக்குக் கிடைத்தது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகச் செய்த கடைசி இருக்கை. முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் இருந்தன. வேன்காரர் பழக்க தோஷத்தில் வழியில் மூன்று வீட்டு வாசல்களில் நிறுத்தி ஹாரன் அடித்தார். ஒரு வீட்டில் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு குழந்தை அழுதபடியே வெளியே வந்துவிட்டது.

டாக்டர் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் கன்னத்தில் கை வைத்தபடி வரிசையாக மணலில் இறங்கி வந்தோம். எங்கள் முகங்கள் அவருக்கு நினைவிருக்க நியாயமில்லை. ஆனால் அந்தக் கை தொழில்முறையில் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும், கழுத்தளவுக்குப் போய்விட்டார். நாங்கள் அவருடைய செருப்பையும் துண்டையும் சுற்றி உட்கார்ந்தோம். அவருடைய மனைவி கொடுத்த பிஸ்கட்டை யாராலும் கடிக்க முடியவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து, விரல் நுனியெல்லாம் சுருங்கி, கரையேறினார். எல்லோரையும் சூரியனைப் பார்த்து வாயைத் திறக்கச் சொன்னார், வரிசைப்படி. பிறகு மனைவியின் கைப்பையிலிருந்து ஆளுக்கு ஒரு மாத்திரை கொடுத்து, "திங்கட்கிழமை வாங்க" என்றார்.

திரும்பலாம் என்றால் சக்கரம் மணலில் புதைந்துவிட்டது. தள்ளியதில் என் கால்சட்டை பின்பக்கம் கிழிந்தது. தையல்கார அம்மாள் அதை வாங்கித் தைத்து முடிக்கும் வரை நான் டாக்டரின் துண்டைக் கட்டிக்கொண்டு, கவுண்டர் காலத்துக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வாத்தியார் சிரித்துச் சிரித்து, வலி தாங்காமல் அடிக்கவே வந்துவிட்டார். அன்று வேன் அசையவில்லை, ஞாயிறும் அங்கேயே கழிந்தது. இரண்டு நாளும் ஓயாமல் பேசியதில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

இந்த வயதில் இதெல்லாம் தேவையா, நீயே சொல். ஆகவே முப்பதாம் தேதியை மறக்காதே. மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவை பலிக்க, இரவிலும் பல் தேய்க்கச் சொல்.

உன் அண்ணன்

பின்குறிப்பு: தபாலில் சேர்க்க மறந்து, இது ஒரு வாரமாகச் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. திங்கட்கிழமை பல்லை எடுத்தாயிற்று. மற்ற மூவருக்கும் குணம். ஆனாலும் நேற்று வெள்ளிக்கிழமை நான்கு பேரும் கிளினிக்குக்குப் போய் டோக்கன் வாங்கினோம். யாருக்கு என்ன செய்கிறது என்று உதவிப் பெண் கேட்டாள். ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. கீழே வேன் ஹாரன் அடிக்கிறது. மாப்பிள்ளையை அனுப்ப வேண்டாம். நேற்று இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்விட்டேன், இந்த முறை முதல் டோக்கன் நான்தான். முன் சீட்டு.