உருண்டை மாமாவுக்கே தீர்ந்துபோன கடன்

மரக்காணம் உப்பளத்துக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. அதன் வாசலில் தொடங்கிய வரிசை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறி, டீக்கடையைத் தாண்டி, அனுமந்தை போகிற பக்கமாக நீண்டுகொண்டே போனது. கிளியனூரிலிருந்து வேன் பேசிக்கொண்டு வந்தவர்கள் ஒரு கும்பல். பெருமுக்கல் மலைக்கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு, வந்ததுதான் வந்தோம், இதையும் முடித்துவிடுவோம் என்று வந்தவர்கள் இன்னொரு கும்பல். எல்லார் கையிலும் மஞ்சள் துணி. துணிக்குள் கிரெடிட் கார்டு.

கொட்டகைக்குள் வீற்றிருப்பவர் உப்பு மௌன சித்தர். அவர் கடனைத் தீர்த்துவைப்பவர். பணம் கட்டிக் கடனைத் தீர்ப்பதெல்லாம் பழைய முறை, அதை எந்த மடையனும் செய்வான். சித்தர் உப்பில் புதைத்துத் தீர்ப்பார். மாங்காயை உப்பில் போட்டால் ஊறுகாய், மீனை உப்பில் போட்டால் கருவாடு, கடனை உப்பில் போட்டால் காணாமல் போய்விடும். இதைக் கேட்டு ஒருவராவது சிரித்தாரா என்றால் இல்லை. ஆயிரத்து நூறு ரூபாய் கட்டி ஆளுக்கொரு பானை வாங்கினார்கள்.

சித்தர் பேச மாட்டார். மௌன விரதம். அவருக்காகப் பேசுகிறவன் சேட்டு என்கிற சீடன். கண்ணில் மையும் கையில் கால்குலேட்டருமாக இருப்பான். வருகிறவர்களிடம் கார்டோடு சேர்த்து போனிலிருந்து சிம்மையும் கழற்றித் தரச் சொல்வான்.

"கார்டு கடனோட ஒடம்பு. சிம்மு கடனோட நாக்கு. ஒடம்ப மட்டும் பொதைச்சா நாக்கு பேசிக்கினே இருக்கும். ரெண்டையும் சேத்துப் பொதைக்கணும்" என்பான்.

மஞ்சள் துணி முடிச்சை உள்ளே எடுத்துப்போய்ச் சித்தரின் பாதத்தில் வைத்துவிட்டு வந்து, பானையில் போட்டு, உப்பைக் கொட்டி, மெழுகு வைத்து மூடி, கொட்டகைச் சுவரோரம் அடுக்கிவிடுவான். நாற்பத்தெட்டு நாள் திறக்கக் கூடாது. திறந்தால் கடன் இரட்டிப்பாகும்.

மறுநாளே முதல் அற்புதம் நடந்தது. தினமும் இருபது முப்பது தடவை போன் செய்து மானத்தை வாங்கும் வசூல்காரர்களிடமிருந்து ஒரு அழைப்புகூட வரவில்லை. சிம் இல்லாத போனுக்கு அழைப்பு வரவில்லை என்று ஒரு வட்டாரமே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

ஒரு வாரத்தில் இரண்டாவது அற்புதம். பானைகளின் அடியில் நீர் கசிந்தது. கடன் கரைந்து வடிகிறது என்றான் சேட்டு. இதைப் பார்த்துக் கண்ணீர் விட்டவர்கள் யார் தெரியுமா? பிறந்ததிலிருந்து உப்பளத்தில் உப்பு வாருகிறவர்கள். கடற்காற்றில் உப்பு நீர் விடும் என்று தெரிந்து, குவியலுக்கு மேல் ஓலை போட்டு மூடுகிற அதே ஜனங்கள். தாங்கள் வாரினால் ஈரம், சித்தர் பானையில் இருந்தால் மகிமை.

மூன்றாவது அற்புதம்தான் பெரியது. புலித்தோல் படம் அச்சடித்த போர்வை விரித்த ஒரு பெரிய மரப்பெட்டியின்மேல்தான் சித்தர் உட்கார்ந்திருப்பார். அந்தப் பீடத்துக்குள்ளிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு முழக்கம் வந்துகொண்டே இருக்கும். கடன் பேய்கள் அடியில் சிக்கி உறுமுவதாகச் சொன்னார்கள். பக்தர்கள் பீடத்தில் காதை வைத்துக் கேட்டுச் சிலிர்த்தார்கள். காலை எட்டு மணிக்கு முழங்கத் தொடங்கினால் மாலை ஏழுக்கு ஓய்ந்துவிடும். ஏழுக்கு மேல் சித்தர் யோக நித்திரையில் இருப்பாராம், அதனால் முழக்கம் கிடையாதாம். பேய் ஆபீஸ் நேரம் பார்த்து உறுமுகிறதே என்று யாருக்கும் தோன்றவில்லை.

சரி, கடன் தீர்ந்ததற்கு சாட்சி யார்? உருண்டை மாமா.

உருண்டை மாமா ஒரு கார்ட்டூன். வாரா வாரம் போனிலும் டிவியிலும் வருகிற பொம்மைக் குடும்பத்தின் தலைவர். பூசணிக்காய் வயிறு, கைக்கு நாலு விரல், எல்லா நாளும் அதே பச்சைச் சட்டை. அவருக்கு ஒரு மாமி, இரண்டு வாண்டுகள், கண்ணாடி போட்ட ஒரு ஆடு. மாமா கண்டதையும் கார்டில் வாங்கிவிட்டு, வசூல்காரர் வந்தால் பிரிட்ஜுக்குள் ஒளிந்துகொள்வார். மரக்காணமே அந்தக் குடும்பத்தைத் தன் குடும்பமாகவே நினைத்துப் பார்த்தது. போன மாதம் வந்த பாகத்தில், உருண்டை மாமா குடும்பத்தோடு உப்புச் சித்தரிடம் வந்து கார்டைப் புதைத்தார், கடன் புகையாகப் போனது, ஆடு உட்பட எல்லாரும் ஆடினார்கள். அந்த ஒரு பாகத்துக்குப் படம் வரைந்தவருக்குக் கூலி எங்கிருந்து போயிற்று என்று கேட்க ஆளில்லை. உருண்டை மாமாவுக்கே தீர்ந்துபோச்சாம் என்று வேன் ஏறிவிட்டார்கள்.

அப்படி நம்பியவர்களில் ஒருவன் திருமுருகன். உப்பு மூட்டை ஏற்றும் மினி லாரி ஓட்டுகிறவன். அவன் கார்டில் ஒரு லட்சம் வரை எடுக்கலாம். அதில் நாற்பத்தைந்தாயிரத்தை, சுவரை மறைக்கும் ஒரு டிவிக்கும், நின்ற இடத்திலேயே ஓடுகிற ஒரு மெஷினுக்கும் விட்டிருந்தான். மெஷினில் இப்போது துணி காய்கிறது. டிவியில் அவன் அம்மா ஆராயி உருண்டை மாமாவைப் பார்த்து, பாவம் அந்த மனுஷன், என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பாள்.

அவன் மனைவி சூர்யகலா உப்பளத்தில் உப்பு வாருகிறவள். மழை தொடங்கிவிட்டால் பாத்தியெல்லாம் தண்ணீர் ஏறும், நாலு மாதம் வேலை கிடையாது. கார்டில் மிச்சமிருக்கும் ஐம்பத்தைந்தாயிரத்தைத் தொடக் கூடாது, அதுதான் மழை மாசத்து அரிசி என்று அவள் புருஷனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அவன் தொடவில்லைதான். மொத்தமாகக் கொண்டுபோய்ச் சித்தரிடம் கொடுத்துவிட்டான். பானையில் கொட்டிய உப்பு, அவள் வாரிய உப்பு. அவள் வெயிலில் நின்று வாரியதையே அவள் வீட்டுக்கு ஆயிரத்து நூறுக்கு விற்றிருக்கிறார்கள் என்று தெரிந்தபோது அவளுக்கு வயிறு எரிந்தது. அன்றிரவு அவள் சாப்பிடவில்லை.

பானையை மூடிய பத்தொன்பதாம் நாள் கேஸ் சிலிண்டர் வந்தது. போனுக்கு வந்த நம்பரைச் சொன்னால்தான் இறக்குவேன் என்றான் கொண்டுவந்தவன். நம்பர் திருமுருகனின் சிம்முக்கு அல்லவா போகும், சிம் உப்பில் அல்லவா இருக்கிறது. என்ன செய்வதென்று கேட்க, கடைத்தெருவில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் ஹபீப் முஹம்மதுவிடம் போனாள் சூர்யகலா. அவர் எதற்கும் பார்ப்போம் என்று தன் போனிலிருந்து அந்த நம்பருக்கு அடித்தார். முகம் மாறி, ஸ்பீக்கரில் போட்டார். திருமுருகன் ஆசையாக வைத்திருந்த காலர் டியூன் கணீரென்று பாடியது. நாலு வரி பாடியதும் யாரோ கட் செய்தார்கள்.

"ஏம்மா, உப்புக்குள்ள டவர் கெடைக்குதா?" என்றார் ஹபீப். "அது கூடப் பரவால்ல. உப்பு கட் பண்ணுதே."

பிறகு அவர் சிரிக்கவில்லை. கார்டும் அவர்களிடம், கார்டைத் தேய்த்தால் ரகசிய நம்பர் வருகிற சிம்மும் அவர்களிடம். இதற்கு மேல் திருட என்ன வேண்டும் என்று விளக்கினார். உடனே கார்டை முடக்க வேண்டும், ஆனால் கார்டுக்காரனே பேங்க்கில் சொன்னால்தான் முடக்குவார்கள், நான் சொன்னாலோ நீ சொன்னாலோ கேட்க மாட்டார்கள் என்றார்.

சூர்யகலா வீட்டுக்கு ஓடினாள். திருமுருகன் முடியாது என்றான். நாற்பத்தெட்டு நாளுக்குள் கலைத்தால் கடன் தொண்ணூறாயிரம் ஆகிவிடும், அதை உன் அப்பனா கட்டுவான் என்று கத்தினான். ஆராயியும் மகன் பக்கம் சேர்ந்துகொண்டு, உருண்டை மாமா குடும்பம் எப்படிச் சந்தோஷமாக இருக்கிறது பார் என்று டிவியைக் காட்டினாள்.

"அந்தாளு போன வாரம் ரோடு ரோலர் அடியில போயி அப்பளமா எழுந்து வந்தாரு அத்தை" என்றாள் சூர்யகலா. "உங்க புள்ளையையும் ஒரு வாட்டி அனுப்பிப் பாக்கலாமா?"

ஆராயி டிவி சத்தத்தைக் கூட்டினாள். சூர்யகலா புருஷனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். சாயங்காலம் ஏழேகாலுக்குக் கொட்டகைக்கு வா, சித்தர் உண்மை என்றால் நானே அவர் காலில் விழுகிறேன். மனைவி காலில் விழுவதைப் பார்க்கும் ஆசையில் அவன் ஒப்புக்கொண்டான். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தான்.

ஏழேகாலைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. வசூல்காரர்கள் காலை எட்டிலிருந்து மாலை ஏழு வரைதான் போன் செய்யலாம் என்று ஒரு விதி இருப்பதாக ஹபீப் சொல்லியிருந்தார். கேட்டதும் அவளுக்குப் பீடத்தின் முழக்க நேரம் ஞாபகம் வந்துவிட்டது.

ஏழேகால். முழக்கம் ஓய்ந்து பதினைந்து நிமிஷம். வரிசையில் இன்னும் நூறு பேர் நின்றார்கள். சித்தர் கண்ணை மூடி யோக நித்திரையில் இருந்தார். சூர்யகலா ஹபீப்பிடம் இரவல் வாங்கி வந்த போனைக் கையில் பிடித்துக்கொண்டு பீடத்துக்கு முன்னால் போய் நின்றாள். திருமுருகன் நம்பரை அழுத்தினாள். ம்ம்ம் என்றது பீடம். கட் செய்தாள். நின்றது. மறுபடி அழுத்தினாள். ம்ம்ம். கட் செய்தாள். கப்சிப்.

சேட்டு பாய்ந்து வந்து, சித்தர் உனக்கு அருள் காட்டுகிறார், விழுந்து கும்பிடு என்றான்.

"ஏழு மணிக்கு மேல சித்தர் முழங்க மாட்டாருன்னு நீதானப்பா சொன்ன" என்றாள் அவள். பிறகு வரிசையைப் பார்த்துத் திரும்பினாள். "உங்க போனுல இன்னும் சிம்மு இருக்குதுல்ல? உங்க வூட்ல, தெருவுல யாராச்சும் ஏற்கெனவே பொதைச்சிருந்தா அவங்க நம்பருக்கு ஒரு ரிங் குடுங்க. எல்லாரும் ஒண்ணா குடுங்க."

சும்மா ஒரு வேடிக்கை என்றால் நம்மவர்கள் விடுவார்களா. கிளியனூர்க்காரர் மச்சானுக்கு அடித்தார். பெருமுக்கல் அம்மாள் தம்பிக்கு அடித்தாள். நூறு பேரும் அடித்தார்கள். பீடம் முதலில் முனகியது, பிறகு அதிர்ந்தது, பிறகு சித்தரோடு சேர்ந்து தரையில் நகரத் தொடங்கியது. சித்தரின் கன்னம் ஆடியது, தாடி ஆடியது, தாடியின் ஒரு பக்கம் கழன்றும் ஆடியது. யோக நித்திரை கலைந்து அவர் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். பக்கப் பலகை பிய்த்துக்கொண்டது. நூற்றுக்கணக்கில் பழைய போன்கள், எல்லாம் சத்தமில்லாமல் அதிர மட்டும் வைத்தவை, மின்னிக்கொண்டும் துள்ளிக்கொண்டும் பக்தர்களின் காலடியில் கொட்டின.

கோபத்தில் சித்தர் விரதத்தை மறந்தார். வாயைத் திறந்துவிட்டார்.

"ஹலோ, மரியாதையா சொல்றேன். வாங்கித் தேய்க்கும்போது இனிச்சுதுல்ல? இன்னைக்கு என்னா தேதி? டியூ டேட் என்னா?"

அந்தக் குரலைத் தெரியாதவர் அங்கே யாருமில்லை. தட்டில் கை வைக்கும்போது, சாவு வீட்டில் நிற்கும்போது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடும்போது போனில் வந்து மானத்தை வாங்கிய அதே குரல். சித்தர் மௌனமாக இருந்த ரகசியம் இதுதான். வசூல் வேலையிலிருந்து விரட்டப்பட்டபோது, கடன்காரர்களின் பட்டியலையும் சேட்டுவையும் கையோடு கொண்டு வந்திருக்கிறார். யாரைக் கூப்பிட்டால் ஓடி வருவார்கள் என்று அவருக்குத் தெரியாதா.

அப்போதும் நம் ஜனம் என்ன செய்தது? முன்வரிசையில் மூன்று பேர் பழக்க தோஷத்தில் கைகட்டி, "திங்கக்கெழம கட்டிடறேன் சார்" என்றார்கள். அதில் ஒருவன் திருமுருகன்.

அந்த வார்த்தை வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஹபீப்பின் போனை வாங்கி, அங்கேயே நின்று பேங்க்குக்குப் பேசிக் கார்டை முடக்கினான். மிச்சமிருந்த ஐம்பத்தைந்தாயிரத்தில் முப்பத்தோராயிரம் ஏற்கெனவே போயிருந்தது. இருபத்து நாலாயிரம் தப்பியது. புகார் கொடுத்தால் போனதும் வரலாம், மழைக்கு முன்னால் வருமா என்று தெரியாது. சூர்யகலா அழுதாள், அழுதுகொண்டே தன் பானையைத் தூக்கிப் போட்டு உடைத்தாள். மஞ்சள் துணிக்குள் பழைய பஸ் டிக்கெட் ஒன்றும் உடைந்த சீப்புத் துண்டு ஒன்றும் இருந்தன.

மற்றவர்களும் தங்கள் வீட்டார் பானைகளை உடைத்தார்கள். எல்லாப் பானையிலும் சீப்புத் துண்டுதான். போலீஸ் ஜீப் வந்து சித்தரையும் சேட்டுவையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. உருண்டை மாமா படத்துக்குக் கூலி கொடுத்தது கிளியனூர்க்காரரின் மச்சான் கார்டிலிருந்து என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் காலை சூர்யகலா வழக்கம்போல உப்பளத்துக்குக் கிளம்பினாள். மழைக்கு முன்னால் எத்தனை நாள் கிடைக்குமோ அத்தனை நாளும் வாரியாக வேண்டும். ஓடும் மெஷினிலிருந்து துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு, மெஷினை விற்க ஆள் தேடித் திருமுருகனும் கிளம்பினான். வாசலில் ஆராயி கவலையாக உட்கார்ந்திருந்தாள். என்ன அத்தை என்று கேட்டாள் சூர்யகலா.

"அப்ப உருண்டை மாமா கடன் தீரலியா?" என்றாள் ஆராயி. "பாவம், அவரு கார்டையும் முடக்கச் சொல்லி யாராச்சும் போன் பண்ணுங்களேன்."

உருண்டை மாமாவின் மண்டைக்குள் மூளை கிடையாது, வரைந்தவர் வரையவில்லை, அது அவர் குற்றமில்லை. உங்களுக்கு இருக்கிறது ஐயா. அதை எடுத்து நாற்பத்தெட்டு நாள் உப்பில் புதைக்காதீர்கள்.