பாட்டறைக்குத் தனி லைன்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அனைவரும் ஒரே அறையில் நலம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஓய்வு பெற்றபின் பின்பக்க அறையைப் பாட்டுக் கேட்கும் அறையாக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது, "செய்யுங்க மாப்பிள்ளை, சும்மா உக்காந்து தங்கச்சியோட சண்டை போடுறதுக்கு அது மேல்" என்றவர் நீங்கள். செய்தேன். திரை தொங்கவிட்டேன், விரிப்பு போட்டேன், ஸ்பீக்கர்களை அளந்து வைத்தேன். ஆனால் பிரிட்ஜ் ஓடத் தொடங்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் 'டக்' என்று ஒரு சத்தம், அதன்பின் அடியில் ஒரு முனகல். வயலின்காரர் உருகும்போது பிரிட்ஜ் தாளம் போட்டால் மனிதன் என்ன செய்வான்? எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். வேறொருவராக இருந்தால் ஒரு ஒயரை மாற்றிவிட்டுப் போயிருப்பார். இவர் ஸ்பீக்கரில் காதை வைத்துக் கண்ணை மூடி, "சார், இது பாட்டு இல்ல சார், உங்க பிரிட்ஜோட குறட்டை" என்றார். அக்கணமே அவர் என் உடன்பிறவாத் தம்பியாகிவிட்டார்.

இருவரும் சாப்பாட்டு மேசையில் திட்டம் வரைந்தோம். மீட்டர் பலகையிலிருந்து நேராக அறைக்கு ஒரு தடித்த கேபிள், அதற்கு, லோடு கூடினால் தானே விழுந்து கரண்டை நிறுத்தும் தனி பிரேக்கர், அந்த லைனில் வேறு ஒரு பல்புகூடக் கூடாது. சமையலறைச் சுவர் வழி வேண்டாம், மிக்ஸி இருக்கிறது என்றேன். "குளியலறைச் சுவரும் ஆகாது சார், ஹீட்டர் இருக்கு" என்றார். கடைசியில் கேபிள் வீட்டுக்கு வெளியே போய், தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டது. பலகையில் புது பிரேக்கருக்கு இடமில்லை. ஆகவே, மற்ற அறைகளின் லைன்களையெல்லாம் ஒன்றாகக் கட்டி ஒரே பிரேக்கரில் மாட்டினோம். எனக்கு ஒன்று, மிச்ச வீட்டுக்கு ஒன்று. உங்கள் தங்கை எட்டிப் பார்த்து, "பாகப்பிரிவினை நல்லா இருக்கு" என்றாள்.

முதல் தடவை இசைத்தட்டில் ஊசியை வைத்தபோது முனகல் இல்லை. வயலின்காரர் வில்லைத் தொடுமுன் மூச்சை இழுப்பது கேட்டது. எலக்ட்ரீஷியன் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து மிக்ஸி, ஹீட்டர், அயர்ன் பெட்டி மூன்றும் ஒன்றாக ஓட, வீடு முழுக்கக் கரண்ட் போனது. என் அறையில் போகவில்லை. ஆகையால் எங்களுக்குத் தெரியவும் இல்லை.

தூக்கிவிட்டால் நிற்பதும் மறுபடி விழுவதுமாக இருந்த அந்த பிரேக்கர், பிறகு தூக்கினாலும் நிற்க மறுத்துவிட்டது. "சாமான் வாங்கிட்டு வந்துர்றேன் சார்" என்று போன தம்பி போனவர்தான். முதலில் மகள் கணினியோடு வந்தாள். "அப்பா, ஆபீஸ் மீட்டிங்பா. ஒரே ஒரு பிளக்." அடுத்து உங்கள் தங்கை மிக்ஸியோடு வந்தாள். "சுத்தமான கரண்ட்டுன்னீங்களே, மசாலாவும் கொஞ்சம் சுத்தமா அரையட்டும்." கடைசியில் பிரிட்ஜே வந்தது. எதன் குறட்டைக்குப் பயந்து வீட்டைச் சுற்றிக் கேபிள் இழுத்தேனோ, அதே பிரிட்ஜ் இப்போது இடது ஸ்பீக்கருக்குத் துணையாக நிற்கிறது. மன்றாடினேன். "உங்க வயலின் கெட்டுப் போகாதுங்க. பால் கெட்டுப் போகும்" என்றாள்.

மச்சான், நீங்கள் அண்ணன். நீங்கள் சொன்னால் கேட்பாள். போன் செய்து, ஒரே ஒரு இசைத்தட்டின் இரண்டு பக்கத்தையும் நான் தனியாகக் கேட்டு முடிக்கும்வரை அறையை விட்டுத்தரச் சொல்லுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்கள் வீட்டு பிரேக்கர்கள் என்றும் விழாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: போன் செய்ய வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் எலக்ட்ரீஷியன் வந்து, பெரிய பலகை வைத்து, லைன்களைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டார். எல்லாரும் அவரவர் சாமானோடு போய்விட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். அப்பழுக்கில்லை. இரண்டாவது பாட்டில் வயலின் ஓரிடத்தில் ஏறி, நின்று, இறங்கியது. "கேட்டியா?" என்று திரும்பினேன். பிரிட்ஜ்கூட இல்லை. மெல்ல எழுந்து போய், பலகையில் மற்ற பிரேக்கர்களையெல்லாம் இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். சமையலறையிலிருந்து உங்கள் தங்கை, "ஏங்க, மறுபடியும் போச்சு. கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க, மிக்ஸியைக் கொண்டு வர்றேன்" என்கிறாள். நகர்ந்துவிட்டேன்.