முள்வேலிக்குள் தக்காளிப் பாத்தி

பாத்தியில் விதை தூவி இருபது நாளாகியும் ஒரு முளைகூடத் தலைகாட்டவில்லை. மில்லுக்குக் கிளம்பிய தனிஸ்லாஸ் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு மண்ணையே முறைத்துக்கொண்டிருந்தான்.

செத்துப்போன அம்மா விட்டுச்சென்ற நாட்டுத் தக்காளி அது. பூசணிபோல வரிவரியாக இருக்கும். இரண்டு பழம் போட்டால் மீன் குழம்புக்குப் புளியே வேண்டாம். வருடாவருடம் கல்லறைத் திருநாளன்று முதல் பழம் அம்மாவின் கல்லறைக்குப் போகும். விதையைச் சாம்பலில் புரட்டி, துணியில் முடிந்து, நெல் அவிக்கும் அடுப்புக்கு நேர் மேலே தொங்கவிடுவது தனிஸ்லாஸ் கண்டுபிடித்த முறை. அந்தச் சூட்டுக்குப் பூச்சி அண்டாதாம். வில்லியனூரில் யாருக்கும் அவன் ஒரு விதைகூடக் கொடுத்ததில்லை.

போன வருடம் பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் பாத்தியில் குனிந்திருந்ததை அவன் பார்த்துவிட்டான். கையெல்லாம் மண்.

"கோழியத் தேடி வந்தேன் தம்பி" என்றாள்.

கோழியை மண்ணுக்குள்ளா தேடுவார்கள்? விதை திருடத்தான் வந்திருக்கிறாள். அதனால்தான் இந்த வருடம் பாத்தியைச் சுற்றி ஆளுயரத்துக்குக் கருவேல முள்.

"செலினு, இன்னாடி ஒண்ணுகூட மொளைக்கல?"

"அந்த முள்ள எடுத்துடுங்க, எல்லாம் வரும்" என்றாள் மனைவி செலின் மேரி.

"முள்ளுக்கும் வெதைக்கும் இன்னாடி சம்பந்தம்?"

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தண்ணீர் போதவில்லையென்று குடம் குடமாக ஊற்றினான், பாத்தி சேறானது. சேறு காயட்டுமென்று சாம்பலைக் கொட்டினான். அது இறுகி ஓடு கட்டியது. உரமாகட்டுமென்று கருவாட்டுத் தூளைத் தூவினான். தெருப் பூனைகளெல்லாம் முள்ளுக்கடியில் நுழைந்து பாத்தியைப் புரட்டிப் போட்டன. துரத்தப் பாய்ந்தவனின் வேட்டி முள்ளிலேயே தங்கிவிட்டது.

டவுசரோடு சேற்றில் உட்கார்ந்த தனிஸ்லாசுக்கு அழுகை வந்துவிட்டது.

"போச்சு செலினு. அம்மாவுக்கு இந்த வருசம் இன்னாத்த வெப்பேன்? அவங்க வெதை என்னோட முடிஞ்சிபோச்சி."

செலின் மேரி பக்கத்து வீட்டுக்குப் போனாள். திரும்பும்போது பவுனம்மாளும் கூட வந்தாள். இடுப்பில் ஒரு மண்சட்டி. அது நிறையத் தக்காளி நாற்று.

"இந்தா தம்பி. உங்கம்மா வெதைதான். படுத்த படுக்கையா இருந்தப்ப எங்கிட்ட குடுத்து வெச்சாங்க."

தனிஸ்லாஸ் சேற்றுக் கையோடு எழுந்து கும்பிட்டான். இவளைப் போய்த் திருடி என்று நினைத்தோமே என்று வெட்கமாக இருந்தது. சட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"யக்கா, மாதா மேல ஆணையா சொல்றேன், உசுரு இருக்கிற வரைக்கும் இத மறக்கமாட்டேன். இந்த வருசம் எங்கம்மாவுக்குப் பழம் வெக்கிறேன்னா அது உன்னாலதான்."

பவுனம்மாள் செலின் மேரியைப் பார்த்தாள். செலின் மேரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"வருசா வருசம் நீ மில்லுக்குப் போனப்புறம் வந்து நட்டுட்டுதானே தம்பி போவேன், இந்த வருசம் முள்ளு போட்டுட்டியே, எப்டி உள்ள வர்றது?"