மூடிய கூரையா, திறந்த கூரையா?

அரசுப் பணியில் முப்பத்தைந்து வருடம் இருந்து, அநேகமாக ஒரு முடிவும் எடுக்காமல், அதனாலேயே ஒரு கெட்ட பெயரும் வாங்காமல் ஓய்வுபெற்றவர் ராஜா அண்ணாமலைபுரம் வேதாந்தம். ஓய்வுபெற்ற பன்னிரண்டாம் நாள் காலை, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மனைவி ஜானுவிடம், "ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாம்னு இருக்கேன்" என்றார்.

ஜானு கணக்கு டீச்சர். அதிர்ச்சியை முகத்தில் காட்டும் வழக்கம் இல்லை. "புதுசா, பழசா?"

"பழசுதான். அசோக் நகர்ல யாசிர்னு ஒருத்தர் வெச்சிருக்கார். ரெண்டே ரெண்டு சீட்டு. செவப்பு."

"ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்கு. வாங்குங்கோ."

விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியாததற்குக் காரணம், யாசிரிடம் அந்தக் கார் இரண்டு இருந்தது.

ஒரே கம்பெனி, ஒரே வருடம், ஒரே சிவப்பு. ஒன்றின் கூரை மற்றக் கார்களைப் போல மூடியிருக்கும். கியரை நாமே மாற்ற வேண்டும். இன்னொன்றின் கூரை, ஒரு பட்டனை அமுக்கினால் மடிந்து பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். கியரும் தானே மாறிக்கொள்ளும். விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

"ரெண்டுமே நல்ல வண்டி சார்" என்றார் யாசிர். "உங்களுக்கு எது பிடிச்சிருக்கோ அதை எடுத்துக்குங்க."

வேதாந்தத்துக்கு வியர்த்துவிட்டது. அவருக்கு எது பிடித்திருக்கிறது என்று அரசாங்கம் முப்பத்தைந்து வருடத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒரே ஒரு தடவை, 1994-ஆம் ஆண்டு கோடையில், அவர் தாமாக ஒரு முடிவு எடுத்தார். அலுவலகத்து மேஜை மின்விசிறியைக் கிழக்கு ஜன்னலிலிருந்து மேற்கு ஜன்னலுக்கு மாற்றி வைக்கச் சொன்னார். 'அரசு உடைமையை எந்த விதியின் கீழ் இடம்பெயர்த்தீர்?' என்று குறிப்பாணை வந்தது. விசாரணை ஆறு வருடம் நடந்தது. நடுவில் மின்விசிறி நின்றுபோனது, விசாரணை நிற்கவில்லை. அன்றிலிருந்து எந்தக் காகிதம் வந்தாலும் 'தக்க உத்தரவுக்காகப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது' என்று எழுதி மேலே அனுப்பிவிடுவார். மேலே இருந்தவர் இன்னும் மேலே அனுப்புவார். அப்படிப் போன காகிதங்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்பது கடவுளுக்கும் தெரியாது. அவருக்கு நகல் அனுப்பவில்லை.

வீட்டுக்கு வந்தவர் ஒரு கோப்பு திறந்தார். மேலே, 'பொருள்: இரு இருக்கை விரைவு ஊர்தி – கூரை வகையைத் தெரிவு செய்தல் – தொடர்பாக' என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடிட்டு, ஜானுவின் தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது என்னது?"

"உன்னோட கருத்துரை வேணும்."

"திறந்த வண்டியை வாங்குங்கோ. காத்து வரும்."

"எழுத்து மூலமாக் குடு."

ஜானு 'காத்து வரும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வேதாந்தம் அதைப் படித்து, 'காற்று வரும் என்பதற்கான ஆதாரம் இணைக்கப்படவில்லை' என்று கீழே எழுதித் திருப்பி அனுப்பினார். மறுநாள் கோப்பு அவர் மேஜைக்குத் திரும்பி வந்தது. புதிதாக எதுவும் எழுதப்படவில்லை. சட்னி மட்டும் இருந்தது.

குடும்பம் ஒத்துழைக்காததால் மூவர் உயர்நிலைக் குழு அமைக்கப்பட்டது. வேதாந்தத்தைத் தவிர மற்ற இருவரும் அதே அடுக்குமாடியில் இருப்பவர்கள்: மேல் மாடி தனபாலன், பொதுப்பணித் துறையில் என்ஜினீயராக இருந்து ஓய்வுபெற்றவர், எதிர் ஃபிளாட் சாய்நாத், தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவர்களை யாரும் எதற்கும் கருத்துக் கேட்டதில்லை. இருவரும் அன்றே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள்.

முதல் கூட்டத்தில் யார் தலைவர் என்று பேசினார்கள். இரண்டாவது கூட்டத்தில், முதல் கூட்டத்தில் என்ன பேசினோம் என்று பேசினார்கள். மூன்றாவதில்தான் காருக்கு வந்தார்கள்.

"நம்ம தெருவுல ஒன்பது வேகத்தடை இருக்கு" என்றார் தனபாலன், தெருவை அளந்த டேப்பைச் சுருட்டிக்கொண்டே. "நாலு அரசாங்கம் போட்டது, அஞ்சு ஜனங்களாப் பார்த்துப் போட்டுக்கிட்டது. ரெண்டு வண்டிக்குமே வயிறு இடிக்கும்."

சாய்நாத் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "திறந்த வண்டியில கூரை மடிஞ்சு கிடக்கற நேரமெல்லாம் அது பயன்பாட்டில் இல்லாத சொத்து. தணிக்கையில நிக்காது."

"அப்போ மூடின வண்டியே வாங்கிடலாமா?" என்றார் வேதாந்தம் ஆசையாக.

"வாங்குங்கோ. வெளியில இருக்கிற காத்தை ஏன் பயன்படுத்தலைன்னு விளக்கம் கேப்பேன்."

இதற்குள் யாசிர் போன் செய்தார். "சார், ரெண்டையும் வேற ஆளுங்க வந்து பார்த்துட்டுப் போறாங்க. உங்களுக்காக ஞாயித்துக்கிழமை வரைக்கும் நிறுத்தி வெக்கிறேன். அதுக்கு மேல முடியாது."

உடனே சனிக்கிழமை கள ஆய்வுக்கு நாள் குறித்தார்கள். குழுவில் மூன்று பேர். வண்டியில் இரண்டு சீட்டு. அதில் ஒன்று ஓட்டுபவருக்கு. ஆகவே வேதாந்தம் மட்டும் காரில் உட்கார, மற்ற இருவரும் ஒரு ஆட்டோவில் பின்தொடர்ந்து ஆய்வு செய்வது என்று ஏற்பாடு. வேடிக்கை பார்க்க ஜானுவும் வந்தாள். அவளும் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

முதலில் மூடிய வண்டி. யாசிர் ஓட்டினார். மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர் போகக்கூடிய அந்த வண்டி, தி. நகரில் ஒரு புடவைக் கடையிலிருந்து அடுத்த புடவைக் கடைக்குப் போக இருபது நிமிடம் எடுத்துக்கொண்டது. பின்னால் வரவேண்டிய ஆட்டோ, சந்து கிடைத்த இடத்தில் நுழைந்து முன்னால் போய், ஒவ்வொரு முனையிலும் காத்திருக்க வேண்டியதாயிற்று. நாலாவது முனையில் ஆட்டோக்காரர் இறங்கி வந்து கார் கண்ணாடியைத் தட்டினார்.

"இன்னா சார், வண்டி ரிப்பேரா? நம்மகிட்ட கயிறு கீது. கட்டி இஸ்துகினு போவட்டா?"

வேதாந்தம் இதையும் குறித்துக்கொண்டார்.

மாலை ஐந்து மணிக்குத் திறந்த வண்டி. "இதை நான் ஓட்டறேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டாள் ஜானு. கூரையை மடித்துவிட்டு மயிலாப்பூர் போய், தெற்கு மாட வீதியில் திரும்பியதுதான் தாமதம், கூட்டம் சேர்ந்துவிட்டது. அந்த வீதியில் திறந்த காரில் ஒருவர் போனால் ஒன்று ஜானவாச ஊர்வலத்து மாப்பிள்ளை, இல்லையென்றால் ஓட்டுக் கேட்க வந்தவர்.

பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள். "மாப்ளைக்கு வயசு கொஞ்சம் தூக்கலா கீதே!"

பக்கத்துக் கடைக்காரர் அவளை அடக்கினார். "சும்மா இரும்மா, இது எலெக்‌ஷன் வண்டி." சொல்லிவிட்டு, சாக்கடை அடைத்திருப்பதாக ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதி வேதாந்தத்திடம் நீட்டினார்.

வேதாந்தம் அதைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கை கேட்கவில்லை. பேனாவை எடுத்து, 'தக்க நடவடிக்கைக்காக' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்த ஐந்து நிமிடத்தில் அவர் மடியில் பதினோரு மனுக்கள் சேர்ந்தன. மூன்று முதியோர் பென்ஷன், ஒரு தெருவிளக்கு, மீதி சாக்கடை. ஹாரன் அடித்து ஜானு வண்டியைக் கிளப்பியிராவிட்டால் அவர் அங்கேயே முகாம் நடத்தியிருப்பார்.

சாந்தோம் தாண்டிக் கடற்கரைச் சாலைக்கு வந்ததும் ஜானு கொஞ்சம் அழுத்தினாள். எஞ்சின் உறுமியது. கடலிலிருந்து வந்த காற்று வேதாந்தத்தின் மிச்சமிருந்த முடியைத் தூக்கி நிறுத்தியது. மடியில் இருந்த மனுக்களில் நாலைந்து பறந்தன. அவர் பிடிக்கப் போகவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை ஜானு கல்யாணமான புதிதில் கேட்டது. அதற்கப்புறம் அலுவலகம் போனவர் அதை அங்கேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"காத்து வரது, ஜானு!"

"அப்போ இதையே வாங்கிடலாமோல்லியோ?"

சிரிப்பு நின்றது. "குழு அறிக்கை வரட்டும்."

அறிக்கை அன்று இரவே வந்தது, நாற்பத்திரண்டு பக்கம். சாய்நாத் வாசித்தார். "இரு ஊர்திகளும் ஏற்கத்தக்கவையே. எனினும் ஒன்றைத் தெரிவு செய்வது மற்றொன்றுக்கு இழைக்கும் அநீதியாகக் கருதப்பட வாய்ப்புள்ளதால், இப்பொருள் மேல்மட்ட முடிவுக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது."

"மேல்மட்டம்னா யாரு?" என்றாள் ஜானு.

வேதாந்தம் தனபாலனைப் பார்த்தார். தனபாலன் சாய்நாத்தைப் பார்த்தார். மூவரும் ஓய்வுபெற்றவர்கள். அவர்களுக்கு மேலே மொட்டை மாடியும் தண்ணீர்த் தொட்டியும்தான் இருந்தன. முதன்முறையாக வேதாந்தத்துக்குத் தன்மேல் கொஞ்சம் பரிதாபமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜானு கைப்பையை எடுத்துக்கொண்டு அசோக் நகர் போனாள். மத்தியானச் சாப்பாட்டுக்குத் திறந்த வண்டியோடு திரும்பி வந்தாள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் யாரும் எதிர்பாராதது. அடுக்குமாடியே கீழே இறங்கி வந்துவிட்டது. எல்லோருக்கும் கடற்கரை வரை ஒரு சுற்றுப் போக வேண்டும். ஓட்டுபவர் போக இருப்பதோ ஒரு சீட்டு. முதல் நாள் ஜானு கேட்டவர்களையெல்லாம் அழைத்துப் போனாள். இரண்டாம் நாள் யார் முன்னால் வந்தது என்று சண்டை. வரிசையில் நிற்கச் சொன்னாள். மூன்றாம் நாள் ஒரு நோட்டில் பெயர் எழுதினாள். நாலாம் நாள், ஒரே ஆள் இரண்டு பெயரில் வந்ததால் அடையாள அட்டை கேட்டாள். ஐந்தாம் நாள் மூத்த குடிமக்களுக்குத் தனி வரிசை வேண்டும் என்று ஒரு கடிதம் வந்தது. எண்ணிப் பார்த்தால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் மூத்த குடிமக்கள்.

பத்தாம் நாள் மாலை, வேதாந்தம் தலையில் ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார். ஜானு வண்டிக்குப் பக்கத்தில் மேஜை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஜானு, பீச் வரைக்கும் போயிட்டு வரலாமா?"

அவள் நிமிரவில்லை. "பேர் குடுத்திருக்கேளா?"

"நான் உன் ஆத்துக்காரர்டி!"

"எல்லாரும் யாருக்கோ ஆத்துக்காரர்தான். வரிசையில வாங்கோ."

வேதாந்தம் வரிசைக் கடைசியில் போய் நின்றார். முன்னால் தனபாலன் நின்றுகொண்டிருந்தார். யார் முகத்திலும் கோபம் இல்லை. எல்லோரும் வெகுகாலம் கழித்துச் சொந்த ஊருக்கு வந்தவர்களைப் போல நிம்மதியாக நின்றிருந்தார்கள்.

"எத்தனை நேரமா நிக்கறேள்?"

"நாலு நாளா வரேன். வண்டி நகரலை."

"ஏன்?"

"முன்னுரிமைப் பட்டியல் முடிவாகணுமே சார். அது வந்தாத்தான் வண்டி எடுப்பாங்களாம்."

"பட்டியல் யார் போடணும்?"

"ஒரு குழு போட்டிருக்காங்க." தனபாலன் ஆச்சரியத்தோடு திரும்பிப் பார்த்தார். "நீங்கதானே சார் தலைவர்? உங்களுக்கு இன்னும் கடிதம் வரலியா?"