மாமி என்னோடு நன்றாகப் பேசுவார்

தமிழ் தெரிந்தவர்களுக்குத் தமிழால் ஆபத்து வராது என்று நம்பிக்கொண்டிருந்தவள் நான். அதுவும் தமிழில் எம்.ஏ. படித்தவள். அந்த எம்.ஏ.யை வைத்துக்கொண்டே ஒரு காலைப் பொழுதில் என் மாமியாரைப் பொலிஸ் நிலையத்தின் வாசல்வரை கொண்டுபோகப் பார்த்தேன்.

யுத்தம் முடிந்த வருடம் அது. திருச்சிக்குப் படிக்க வந்த நஸீரைக் கல்யாணம் செய்துகொண்டு கல்முனைக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அவர் திருச்சியில் இருந்த காலம் முழுக்க எங்கள் தமிழைத்தான் பேசினார் (விடுதிப் பையன்களின் கேலிக்குப் பயந்து). அதனால் இலங்கைத் தமிழ் என்று ஒன்று தனியாக இருப்பதே எனக்கு உறைக்கவில்லை. விமானம் ஏறுவதற்கு முன் நாலு வார்த்தை சொல்லித் தரட்டுமா என்று கேட்டார். "எனக்கே தமிழ் சொல்லித் தர்றீங்களா?" என்று கேட்டு அவர் வாயை அடைத்தேன்.

என் விசா ஒரு மாதத்துக்குத்தான். அதை நீட்டிக்க, நாங்கள் உண்மையிலேயே கணவன் மனைவியாக வாழ்கிறோம், நான் விருப்பத்தோடுதான் இருக்கிறேன் என்று ஓர் அரசாங்க அலுவலகத்தில் கடிதம் வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால் திருச்சிக்குத் திரும்ப வேண்டியதுதான். ஒரு மாதத்தில் வந்துவிடுவாய் என்று என்னைப் பெற்ற அத்தா சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அவர் ஜெயிப்பதை என்னால் தாங்க முடியாது.

அலுவலகத்தில் நஸீர் மோட்டார் சைக்கிளை நிழலில் நிறுத்தப் போன நேரத்தில் நான் மட்டும் விண்ணப்பக் கோப்பை நீட்டினேன். முன்மேசைக்காரர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, "இது காணாது தங்கச்சி" என்றார்.

கொடுத்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் காணோமா? "இப்பத்தானே சார் உங்க கையில குடுத்தேன்" என்றேன். அவர் பொறுமையாக மறுபடியும் காணாது என்றார். நான் குனிந்து மேசைக்கு அடியில் தேடினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஏதோ விழுந்துவிட்டது போல என்று தாங்களும் குனிந்து தேடத் தொடங்கினார்கள். ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றி உதறியே பார்த்தார். நஸீர் உள்ளே வந்தபோது அவருடைய புது மனைவி முழங்காலிட்டு ஒரு நாற்காலிக்குக் கீழே கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

காணாது என்றால் போதாது என்று அர்த்தமாம். நஸீரின் பிறப்புப் பத்திரம் இல்லாமல் போதாது. அதைச் சுனாமியில் கடல் கொண்டுபோய் நாலரை வருடம் ஆகியிருந்தது. அந்த ஊரில் அதைச் சொன்னால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. எந்தப் பதிவகத்தில் புதுப் பிரதி எடுக்கலாம் என்று மட்டும் சொல்வார்கள். அவர் அதை எடுக்கப் போனார். போகும்போது என்னை வாயைத் திறக்காமல் உட்காரச் சொன்னார்.

அவர் போன கையோடு என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டார்கள்.

அங்கே இருந்தவர் பக்கத்து ஊரான காரைதீவைச் சேர்ந்த ஓர் அதிகாரி. எல்லாரும் அவரை மிஸ் என்றார்கள். அன்பான முகம். கதவைச் சாத்திவிட்டு, வீட்டில் எல்லாரும் உங்களோடு எப்படி என்று விசாரித்தார். அந்தக் கரையில் பேசுவது என்றால் திட்டுவது, நாம் பேசுவதற்கு அங்கே கதைப்பது என்று பெயர் என்பதெல்லாம், பன்னிரண்டு நாளாகப் புரியாததற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்த எனக்கு அன்று தெரியாது. முகம் மலரச் சொன்னேன்.

"எல்லாரும் நல்லாப் பேசுவாங்க மேடம்."

பேனா நின்றது. "மாமியும் பேசுறவவா?"

"அவங்கதான் அதிகம். சுபுஹு தொழுதுட்டு ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும் பேசுவாங்க."

"மாப்பிள்ளை?"

எனக்கு வெட்கம் வந்துவிட்டது. "எல்லார் முன்னாடியும் பேசக் கூச்சப்படுவார். தனியா இருந்தா ரொம்பப் பேசுவார். அவர் பேசாம இருந்தாத்தான் எனக்குக் கஷ்டம்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குச் சர்க்கரை தூக்கலாக ஒரு தேநீர் வரவழைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்கட அம்மா அப்பாவோட கதைக்க விடுறவங்களா?" என்றார்.

கதை விடுவதா? என் புகுந்த வீட்டாரைப் பொய்யர்கள் என்கிறாரா? எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்க வீட்ல ஒருத்தரும் கதை விடமாட்டாங்க மேடம்" என்றேன் அழுத்தமாக.

அவர் எழுதினார். ஒரு பக்கம் முழுக்க எழுதினார். என் நல்ல குடும்பத்தைப் பற்றி இவ்வளவு எழுதுகிறாரே என்று நான் பூரித்துப்போய்த் தேநீரைக் குடித்தேன்.

அரை மணி நேரத்தில் மாமி ஆட்டோவில் வந்து இறங்கினார். அலுவலகத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டதும் மருமகள் மயங்கி விழுந்துவிட்டாள் என்று நினைத்து, கையில் ஒரு செவ்விளநீரோடு ஓடி வந்திருந்தார். மிஸ் அந்த இளநீரை ஆயுதத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். இந்தப் பிள்ளையை விடிந்ததிலிருந்து பேசுகிறீர்களாமே என்று கேட்டார்.

மாமி என் பக்கம் திரும்பினார். "நான் எப்ப மகள் உன்னப் பேசின?"

பாவம், தன்னடக்கம் என்று நினைத்தேன். "என்ன மாமி, இன்னைக்குக் காலையிலகூட இடியப்பம் அவிச்சுக்கிட்டே எவ்வளவு நேரம் பேசினீங்க! நானும் பேசினேனே" என்று உற்சாகமாக எடுத்துக் கொடுத்தேன்.

மாமி அழத் தொடங்கினார். மிஸ் தொலைபேசியை எடுத்து, பொலிசில் பெண்கள் விசயத்தைப் பார்க்கும் பிரிவைக் கேட்டார். பொலிஸ் என்ற சொல் மட்டும்தான் எனக்குப் புரிந்தது. எதற்கு என்று புரியாமல் நானும் அழுதேன்.

அப்போது வாசலில் ஒரு சிரிப்புச் சத்தம். பிறப்புப் பத்திரத்தோடு வந்த நஸீரை வெளியே மறித்து வைத்திருந்தார்கள். நான் கடைசியாகச் சொன்னதை அவர் கேட்டுவிட்டார். உம்மாவும் மனைவியும் அழ, ஒரு மனிதன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதைக் கண்டதும் மிஸ்ஸுக்கு இருந்த சந்தேகமெல்லாம் தீர்ந்துவிட்டது. பொலிசை உடனே வரச் சொல்லிவிடுவார் போலிருந்தது.

"மிஸ், இவ இந்தியா" என்றார் நஸீர், மூச்சு வாங்கியபடி. "அங்க பேசுற எண்டா கதைக்கிறதுதான்."

மிஸ் ரிசீவரைப் பிடித்தபடி தான் எழுதிய பக்கத்தை முதலிலிருந்து வாசித்தார். "தனியா இருந்தா" என்ற இடம் வந்ததும் கோப்பால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. மாமிக்குப் புரிய இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்தது; புரிந்ததும் அழுகையை நிறுத்தாமலே சிரித்தார். செவ்விளநீரை வெட்டி ஆளுக்குக் கொஞ்சமாகக் குடித்தோம்.

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மிஸ் புதிதாக எழுத உட்கார்ந்தார். "சரி தங்கச்சி, எல்லாரும் உங்களோட நல்லாக் கதைக்கிறவங்களா?"

"ஓம்" என்றேன். என் வாழ்க்கையின் முதல் ஓம் அது. கடிதம் அன்றைக்கே கிடைத்தது.

தன்னைப் பொலிசில் கொடுக்கப் பார்த்த மருமகள் என்றுதான் மாமி இன்றும் விருந்தாளிகளுக்கு என்னை அறிமுகம் செய்கிறார். சில வருடங்களுக்கு முன் அவர் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். போகிறவர்கள் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவது வழக்கம். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தவர் என் முன்னால் நின்று, கண் கலங்க என் இரண்டு கையையும் பிடித்தார்.

"நான் உன்ன ஏதும் பேசியிருந்தா மன்னிச்சுக்க மகள்."

அதற்குள் அவர் என்னை இரண்டு நாட்டு அர்த்தத்திலும் தாராளமாகப் பேசியிருந்தார். எதை மன்னிப்பது என்று தெரியாமல் நான் விழித்தேன். கூடத்தில் எல்லாரும் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். வாசலில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்த நஸீர்தான் தலையை நீட்டிக் கேட்டார்:

"மிஸ்ஸ ஒருக்காக் கூட்டி வரட்டா?"