வீரணன் வாசலில் நின்ற வண்டி

அன்று வண்டிக்குள் இருந்தவர்கள் நான்கு பேர். ஒத்தக்கடையில் சொந்த வீடு கட்டிக் குடியிருக்கும் ஓய்வுபெற்ற வருவாய் ஆய்வாளர் கண்ணுச்சாமி, அவர் மனைவி முனியாயி, அவர் தங்கை சீனியம்மாள், ஓட்டுகிற இடத்தில் மகன் விக்ரம். கல்யாணப் பெண்ணான தமிழ்வாணி வீட்டில் இருந்தாள். பின்னால் ஊரில் ஆளுக்கொன்றாகப் பேசியதால், யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

வண்டி கிளம்பவில்லை.

விக்ரம் சாவியைத் திருகினான். டிக் என்று ஒரு சத்தம் வந்து அதுவும் அடங்கியது.

"பேட்டரி எறங்கிருச்சுப்பா. ராத்திரி பூரா பிரிட்ஜ் ஓடிருக்கு."

"வண்டிக்குள்ள எதுக்குடா பிரிட்ஜ்?"

"இது குடியிருக்குற வண்டிப்பா."

கண்ணுச்சாமிக்குப் பிடிக்காத வார்த்தை அதுதான். அவருடைய அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். மழைக்காலத்தில் குடிசைக்குள் எந்த மூலை ஒழுகாதோ அந்த மூலையில் பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு, தாம் உட்கார்ந்தே விடியவைத்தவர். அந்த மனிதரின் பெயரைக் கருங்கல்லில் வெட்டி வாசலில் பதித்து, கண்ணுச்சாமி எழுப்பிய வீடு இது. பதினான்கு வருடச் சம்பளம் அந்தச் சுவர்களுக்குள் இருக்கிறது. அப்படி ஒரு வீட்டில் பிறந்தவன், கோயம்புத்தூர்க்காரன் ஒருவனிடமிருந்து பழைய வேனை வாங்கிவந்து, உள்ளே கட்டிலும் அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியும் இருக்கிறது என்று பெருமை பேசுகிறான். லேப்டாப் இருந்தால் எந்த ஊரில் நின்றும் வேலை பார்க்கலாமாம்.

"உங்க மகன் வேன்லயா சார் குடியிருக்காரு? வீட்டுல எதுவும் மனஸ்தாபமா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டபோது, "ஆராய்ச்சி பண்றான்" என்று கண்ணுச்சாமி சொல்லிவைத்திருந்தார். என்ன ஆராய்ச்சி என்று கேட்கும் தைரியம் எதிர்வீட்டுக்காரருக்கு இல்லை.

முகூர்த்த மாதம். வாடகைக் கார் ஒன்றும் அகப்படாமல்தான் இன்று இந்த வண்டியில் ஏறும்படி ஆனது.

"எறங்கிக் கொஞ்சம் தள்ளுனா கிளம்பிரும்ப்பா."

"நம்ம குடும்பத்துல யாரும் தெருவுல வண்டி தள்ளுனதில்ல."

"நம்ம குடும்பத்துக்கு இதுக்கு முன்னாடி வண்டியே இல்லையேண்ணே" என்றாள் சீனியம்மாள்.

கண்ணுச்சாமி தெருவைப் பார்த்தார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. அவர் இறங்கி, வெள்ளைச் சட்டையின் மடிப்பு கலையாமல் நின்று, தெருவுக்கே கேட்கும் குரலில் சொன்னார். "இன்னும் வண்டிக்குப் பூசை போடல. தேங்காய் எடுங்க."

விக்ரம் ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஓடிப்போய் வேறொரு பேட்டரியும் ஒயரும் கொண்டுவரும்வரை பூசை நீடிக்க வேண்டியிருந்தது. சூடம் மூன்று முறை ஏற்றப்பட்டது. பூசை என்றதும் யாரும் தள்ளி நின்று பார்ப்பதில்லை. பக்கத்து வீடுகளிலிருந்தெல்லாம் விபூதி வாங்க வந்துவிட்டார்கள். ஒருவர் கண்ணிலும் படக்கூடாது என்று தொடங்கிய காரியம், இருபது பேர் முன்னிலையில் ஆட்டோ பேட்டரியிலிருந்து உயிர் வாங்கிக்கொண்டு முடிந்தது.

மேலூர் தாண்டிக் குலசாமி கோயில். கல்யாணப் பத்திரிகையில் முதலாவது சாமிக்கு. இரண்டாவது பெண்ணின் தாய்மாமனுக்கு. அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு. இந்த வரிசை அந்த வண்டியில் இருந்த நால்வருக்கும் தெரியும். நால்வரும் அதைப் பற்றி வாய் திறக்காமல் வந்தார்கள்.

தாய்மாமன் வீரணன் மேலூரில்தான் இருக்கிறான். முனியாயியின் ஒரே தம்பி. ஒன்பது வருடத்துக்கு முன் புதுவீடு கட்டிக் குடிபோனபோது, அக்கா புருஷனுக்குத் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்காமல் போனில் பத்திரிகையை அனுப்பிவிட்டான். அனுப்பிய கையோடு, 'பார்த்தீர்களா' என்று இன்னொரு செய்தியும் அனுப்பினான். கண்ணுச்சாமி பார்த்தார். அன்றோடு அந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை, அந்த வீட்டில் கை நனைப்பதில்லை என்று முடிவு செய்தார். அவர் போகாத வீட்டுக்கு முனியாயியும் போகவில்லை. அவளை யாரும் தடுக்கவில்லை. போகட்டுமா என்று அவள் கேட்கவில்லை, போ என்று அவரும் சொல்லவில்லை.

சீனியம்மாளுக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "சாமிக்கு வச்சிட்டு அடுத்த தட்டு யாருக்குண்ணே?"

"சொந்தக்காரங்களுக்கு."

"தாய்மாமன் இல்லாம புள்ளைய எப்படி மணவறைக்கு ஏத்துறது? மாலை எடுத்துக் குடுக்க ஆள் வேணாமா?"

"நான் குடுக்குறேன்."

"நீ அப்பனாச்சேண்ணே."

முனியாயி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தமிழ்வாணி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது கண்ணுச்சாமிக்கும் தெரியும்.

நான்குவழிச் சாலையில் ஏறிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டுக்குப் போனது.

"ரேடியேட்டர்ல ஒழுக்கு இருக்குப்பா. ஹீட்டரைப் போடுறேன்."

"மே மாசத்துலயாடா?"

"இஞ்சின் சூட்டை நாம உள்ள இழுத்துக்கிட்டா இஞ்சின் பொழைச்சுக்கும்."

"நாங்க பொழைக்க வேணாமா?" என்றாள் சீனியம்மாள்.

வெந்நீர்க் கொப்பரையைத் திறந்த மாதிரி அனல் அடித்தது. கஞ்சி போட்ட வேட்டி துவண்டு காலோடு ஒட்டியது. ஜன்னலைத் திறந்தால், கல்குவாரி லாரிகளின் தூசி வேர்வையில் படிந்து வெள்ளைச் சட்டை மண் நிறமானது. ஓரமாக நிறுத்தி, பாத்திரம் கழுவும் தொட்டிக்கான தண்ணீரையெல்லாம் ரேடியேட்டரில் ஊற்றினார்கள். மறுபடி ஏறியபோது பக்கவாட்டுக் கதவு இழுத்த இழுப்பில் சிக்கிக்கொண்டது.

"இனிமே பின்பக்கமாத்தான் எறங்கணும்" என்றான் விக்ரம். "அப்பறம், வேகமாப் போனா திரும்பச் சூடாயிரும். மேலூருக்குள்ள பூந்து மெதுவாப் போயிருவோம்."

எந்திரங்களைப் பற்றிக் கண்ணுச்சாமிக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்வதும் அவருக்கு வழக்கமில்லை. "சரி. ஆனா அந்தத் தெரு வேணாம்."

"சந்தை நாளுப்பா. மத்த தெருவெல்லாம் அடைச்சுக் கெடக்கும்."

அந்தத் தெருவில் நுழைந்ததும் கண்ணுச்சாமி நேராக முன்னால் பார்த்தார். பச்சைக் கேட் போட்ட வீடு நெருங்கியது. வண்டி ஒரு முறை இருமியது. இன்னொரு முறை இருமியது. கேட்டுக்கு நேர் எதிரே வந்து அடங்கியது.

வீட்டு வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீரணன் தலை நிமிர்ந்து பார்த்தான்.

"டீசல் குழாய்ல காத்துப் புடிச்சிருச்சு போலப்பா" என்றான் விக்ரம் தாழ்ந்த குரலில். "மெக்கானிக்கைக் கூப்புடணும்."

கண்ணுச்சாமியின் ஒன்பது வருட மானம் இப்போது ஒரு பழைய வேனின் குழாயில் சிக்கி நிற்கிறது.

முனியாயி மெதுவாகச் சொன்னாள். "நீங்க குனிஞ்சு உள்ளயே ஒக்காந்துக்கங்க. நானும் சீனியும் எறங்கித் தெருமுக்கு வரைக்கும் தள்ளிட்டுப் போயிர்றோம். தம்பி பாத்துட்டுத்தான் இருக்கான். அவனும் ஒரு கை குடுப்பான்."

அந்தக் காட்சியைக் கண்ணுச்சாமி மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். பட்டுச் சேலையோடு பெண்கள் தள்ளுகிறார்கள். வீரணன் ஒரு கை கொடுக்கிறான். உள்ளே கட்டிலுக்குப் பக்கத்தில் தாம் குனிந்து உட்கார்ந்திருக்கிறோம். பொழுது சாய்வதற்குள் மேலூர்ச் சந்தை முழுக்க இந்தப் பேச்சாகத்தான் இருக்கும்.

"தட்டை எடு" என்றார்.

"எந்தத் தட்டைண்ணே?"

"பெரிய தட்டை."

"அது சாமிக்கு வச்சதுண்ணே."

"சாமி என்னைய அறுபது வருசமாப் பாத்துக்கிட்டிருக்கு. புரிஞ்சுக்கும்."

கட்டிலின் மேல் தவழ்ந்து, அடுப்பைத் தாண்டி, பின்கதவு வழியாக அவர் காலை வெளியே விட்டுத் தரையைத் தேடினார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு வீரணன் தன் மச்சானை முதலில் பார்த்தது பின்பக்கமாகத்தான்.

"வாங்க மச்சான். வண்டி ரிப்பேரா?"

கண்ணுச்சாமி திரும்பி, வேட்டியை உதறி, முதுகை நிமிர்த்தினார். "ரிப்பேர் எதுவும் இல்ல மாப்ள. பத்திரிகை வைக்க வந்தோம்."

வீரணன் பேப்பரை மடித்து நாற்காலியில் வைத்தான். பிறகு உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டான். "முத்துமீனா, அக்கா வந்திருக்கு."

வீரணனும் முத்துமீனாவும் கிழக்குப் பார்த்து நின்று தட்டை வாங்கிக்கொண்டார்கள். அதோடு கிளம்பியிருக்கலாம். ஆனால் வீரணன் பத்திரிகையைப் பிரித்துப் படித்தான். மேலிருந்து கீழ்வரை படித்தான். மறுபடியும் மேலேயிருந்து தொடங்கினான்.

"தாய்மாமன்னு யாரு பேரையும் காணோமே மச்சான்."

வண்டிக்குள் ஐந்நூறு பத்திரிகை இருந்தது. ஐந்நூற்றிலும் அந்தப் பெயர் இல்லை. இல்லாதபடி பார்த்து அச்சடித்தவர் கண்ணுச்சாமிதான்.

"இது மாதிரிக்கு அடிச்சது" என்றார். "உன்கிட்டக் காட்டி, பேரெல்லாம் சரியா இருக்கான்னு பாத்துட்டுத்தான் அச்சுக்குக் குடுக்கணும்னு இருக்கேன்."

சீனியம்மாளுக்குப் புரையேறியது. முத்துமீனா அவள் தலையைத் தட்டித் தண்ணீர் கொடுத்தாள்.

வீரணன் பேனாவை எடுத்துவந்தான். தன் பெயரை எழுதினான். மனைவி பெயரை எழுதினான். பிறகு இரண்டு மகன்கள், மருமகள், போன மாதம் பிறந்த பேத்தி. ஓரத்தில் இடம் போதாமல் பின்பக்கம் திருப்பி எழுதினான். பெயர் வைக்காத பேத்திக்கு என்ன போடுவது என்று கேட்டான். "பேத்தின்னே போடு" என்றார் கண்ணுச்சாமி.

வெளியே மெக்கானிக் வந்துவிட்டான் என்பது ஸ்பானர் சத்தத்தில் தெரிந்தது.

"என்ன மச்சான் சத்தம்?"

"எங்க போனாலும் ஒருக்கா வண்டியைச் சோதிச்சுப் பாக்கச் சொல்றது என் வழக்கம்."

முத்துமீனா இலை போட்டாள். கண்ணுச்சாமி எழுந்தார். "கோயிலுக்குப் போகணும். போறதுக்கு முன்னாடி சாப்புடுறதில்ல."

"அதுவும் சரிதான்" என்றான் வீரணன். "சாமியை இனியும் காக்க வைக்க வேணாம். வாங்க, வண்டி வரைக்கும் வந்து ஏத்திவிடுறேன்."

ஸ்பானர் சத்தம் இன்னும் நிற்கவில்லை. கண்ணுச்சாமி மறுபடி உட்கார்ந்தார். "முத்துமீனா ஆசையா இலை போட்டிருச்சு. இலையை மடக்கிட்டுப் போறது மரியாதை இல்ல."

அப்படித்தான் அந்த வீட்டில் அவர் கை நனைந்தது. கத்தரிக்காய்க் குழம்பு நன்றாக இருந்தது. இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார்.

கை கழுவப் போனவர், உள்ளறைக் கதவருகே நின்றார். உள்ளே இருட்டு. முனியாயி விளக்கைப் போடுவதற்காகச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் தடவினாள், அந்தப் பக்கம் தடவினாள். கிடைக்கவில்லை. கடைசியில் முத்துமீனா வந்து அலமாரிக்குப் பின்னால் கைவிட்டுப் போட்டாள். வெளிச்சத்தில் முனியாயியின் அப்பா அம்மா படம் சுவரில் தெரிந்தது. அவள் அதன் கீழே போய் நின்றாள்.

கூடப் பிறந்தவன் வீட்டில் விளக்குப் போடும் இடம் இவளுக்குத் தெரியவில்லை. ஒன்பது வருடம். கண்ணுச்சாமி கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார்.

வண்டி உறுமிக் கிளம்பும் சத்தம் கேட்டது. வாசலில் செருப்பைத் தேடியபடி அவரே திரும்பிச் சொன்னார். "மாப்ள, சாமிக்கு வைக்கப் போறோம். நீயும் வாரியா?"

"வாரேன் மச்சான்" என்றான் வீரணன். சட்டையை மாட்டிக்கொண்டு பின்கதவு வழியாக ஏறிக் கட்டிலில் உட்கார்ந்தான். "வீடு மாதிரியே இருக்கேடா மாப்ள" என்று விக்ரமிடம் சொன்னான். இந்த முறை அந்தப் பேச்சு கண்ணுச்சாமிக்குக் கசக்கவில்லை.

ஐந்நூறு பத்திரிகையும் மறுபடி அச்சாகின. பேத்தி பேத்தியாகவே இடம்பெற்றாள். பசுமலை மண்டபத்தில் வீரணன் மேளத்தோடு இருபத்தொரு தட்டுச் சீர் கொண்டுவந்தான். மாலையை எடுத்துக் கொடுத்துத் தமிழ்வாணியைக் கைபிடித்து மணவறைக்கு ஏற்றினான். அழக்கூடாது என்று அவளிடம் சொன்னவன், சொல்லும்போதே அழுதான்.

பந்தியில் எல்லோருக்கும் எல்லாம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போன கண்ணுச்சாமியின் காதில் ஒரு பேச்சு விழுந்தது. ஒன்றுவிட்ட சித்தப்பா மகன் ராஜபாண்டி பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"முறைப்படி அழைச்ச மாதிரி இப்ப காட்டிக்கிறாங்க. நடந்தது என்னன்னா, மச்சினன் வாசல்ல வண்டி ரிப்பேராகி நின்னுபோச்சு. வேற வழியில்லாமப் பத்திரிகை வச்சாராம்."

கண்ணுச்சாமி அந்த இலைக்கு முன்னால் போய் நின்றார். முதுகு மண்டபத் தூண் மாதிரி இருந்தது.

"ராஜபாண்டி, தெரியாததைப் பேசாத. அன்னிக்கு அந்த வாசல்ல எங்க வண்டி ரிப்பேர் ஆகல. பத்திரிகை வைக்கணும்னே போயி நிறுத்துனது."

ராஜபாண்டி விடுவதாக இல்லை. எதிர்வரிசையில், மேலூரிலிருந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மெக்கானிக் சிவக்குமாரைக் கைகாட்டினான். "வண்டியைப் பாத்தவரு அந்தா இருக்காரு. அவரே சொல்லட்டும்."

சிவக்குமார் அப்பளத்தைப் பாயசத்தில் நொறுக்கிப் போட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"அய்யா சொல்றதுதாண்ணே நெசம், வண்டி ரிப்பேரே ஆகல, முனியாயி அக்காதான் மொத நாளே போன் போட்டு, 'எந்தம்பி வாசல்ல வண்டியை நிப்பாட்டுறோம், நீ வந்து ஒரு மணி நேரம் சும்மா தட்டிக்கிட்டே இரு'ன்னுச்சு."