ஆணி அடிக்கக் கூடாத வீடு

என் சதுரக்காரருக்கு,

உங்கள் மனைவி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்டால் பதில் எந்தத் தபாலில் வரும்? அதனால் கேட்கவில்லை.

ஸ்கேலும் பென்சிலுமாகக் கோடு போட்டு நீங்கள் கட்டிய இந்தச் சதுரப் பெட்டி வீட்டுக்கு நாம் குடிவந்த அன்று, உங்கள் அக்கா வாசலில் நின்று, "கட்டி முடிச்சப்புறம் சொல்லு தம்பி, வரேன்" என்றாரே, அதே வீட்டைப் பார்க்க இப்போது பஸ்ஸில் வருகிறார்கள், கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள். ஒருத்தி அடுப்படி அலமாரியைக் கன்றுக்குட்டியைத் தடவுகிற மாதிரி தடவுகிறாள், ஒருத்தன் தரையில் மல்லாந்து கூரையைப் பார்க்கிறான், மயங்கி விழுந்துவிட்டான் என்று நான் தண்ணீர் தெளித்துவிட்டேன். அவர்களுடைய வாத்தியாரம்மா சொல்கிறார், "தட்டைக் கூரை, மூலையில ஜன்னல் எல்லாம் இந்த ஊர்ல முதல்ல உங்க வீட்லதாம்மா வந்துச்சு. மத்தவங்க இதைப் பார்த்துத்தான் கட்டினாங்க." எனக்குத் தெரியாதா? எதிர்வீட்டுத் தையல்காரர் நம்மைப் பார்த்து இடித்துக் கட்டி, நம் கண்ணாடி ஜன்னலுக்கு நேரே கண்ணாடி ஜன்னல் வைத்ததில் நான் சாப்பிடுவதை அவரும் அவர் சாப்பிடுவதை நானும் பார்க்கிறோம். அவருக்கு விக்கினால் நான் தண்ணீர் குடிக்கிறேன்.

சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வீட்டில் எங்கே நின்றாலும் எல்லாம் தெரிகிறது, நீங்கள்தான் தெரியவில்லை. அதனால் உங்கள் போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வாங்கி வந்தேன். மாட்ட இடமில்லை. சுற்றிலும் கண்ணாடி, சுவர் என்று இருப்பது ஒன்றே ஒன்று. அதில் ஆணி அடிக்க என்றைக்காவது விட்டீர்களா? "சுவர் சும்மா இருந்தாத்தான்டி அழகு" என்பீர்கள். காலண்டர்கூட நம் வீட்டில் படுத்துக்கொண்டுதானே தேதி காட்டியது! இப்போது மகனும், "ஒரு ஆணிகூடக் கூடாதும்மா, பார்க்க வர்றவங்க என்ன நினைப்பாங்க" என்கிறான். ஆகவே சாப்பாட்டு நாற்காலியில் சாய்த்து வைத்திருக்கிறேன். பேசத் தொடங்கினால் வழுக்கி மேசைக்கடியில் போய்விடுகிறீர்கள். இருந்தபோதும் இப்படித்தான்.

போகட்டும், நீங்களே ஜெயித்ததாக இருக்கட்டும். ஆணி அடிக்க மாட்டேன். பேரப்பிள்ளைகளின் முத்தம், உங்கள் அக்காவின் முணுமுணுப்பு, இரண்டையும் இத்துடன் பெற்றுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
கண்ணாடிக்குள் இருக்கும் உங்கள் மனைவி

பி.கு.: மேலே எழுதியதை நம்ப வேண்டாம். கடிதத்தை மடிப்பதற்குள் வாத்தியாரம்மா மறுபடி வந்தார். மேசைக்கடியில் கிடந்த உங்களை எடுத்து முந்தானையால் துடைத்து, "கட்டினவர் முகத்தையும் பார்க்கணும்ல? ஆணி அடிங்கம்மா" என்று, நான் ஏறி நிற்க நாற்காலியை அவரே பிடித்துக்கொண்டார். அடித்துவிட்டேன். கோணலாகப் போய்விட்டது. அடுப்படிப் பக்கம் சாய்ந்து என்னையே பார்க்கிறீர்கள். சாயங்காலம் நிமிர்ந்தால், எதிர்வீட்டுத் தையல்காரர் தன் அப்பா படத்தை அதே இடத்தில், அதே கோணலில் மாட்டிக்கொண்டிருக்கிறார்! ஒரு கோடு கோணினால் சோறு இறங்காத மனுஷன் நீங்கள். நேராக்கிவிடவா, இல்லை, இப்படியே என்னைப் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்களா?